படைத்துறை நீதிமன்றம் (இந்தியா)

படைத்துறை நீதிமன்றம் (பேச்சு வழக்கில் கோர்ட் மார்ஷல்) என்பது இந்தியத் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணிபுரிவோர் மீதான குற்றச்சாட்டுகளைப் படைத்துறைச் சட்டங்களின்படி விசாரித்துத் தண்டனை வழங்கும் அமைப்பு ஆகும். இது நிலையான நீதிமன்றம் அன்று. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கூட்டப்பட்டு, வழக்கு முடிந்ததும் கலைந்துவிடும். இதில் நீதிபதிகளாக அமர்வோர் படை அதிகாரிகளே ஆவர். தரைப்படைச் சட்டம், 1950. வான்படைச் சட்டம், 1950. கடற்படைச் சட்டம், 1957 ஆகியன இதன் சட்ட அடிப்படைகளாகும்.

படைவீரர் ஒருவருக்குக் குடிமக்களுக்குரிய சில உரிமைகள் சட்டப்படி குறைக்கப்பட்டுள்ளன. எனினும் விசாரணையின் ஒவ்வொரு படியிலும் அவருக்கென வரையறுக்கப்பட்ட உரிமைகள் உண்டு. அவற்றை உரிய படியில் பயன்படுத்தாவிடின் பின்னர் மீட்பது கடினமாகிவிடும். இக்கட்டுரை அவ்வுரிமைகளைப் பெரும்பாலும் தரைப்படைச் சட்டத்தை ஒட்டி விளக்குகிறது. மற்ற இரு படைகளின் சட்டங்களும் அடிப்படையில் இதனை ஒத்தவை. ஆயினும் பிரிவு எண்களும் சில நடைமுறைகளும் வேறுபடும். சுருக்கமுறைப் படைத்துறை நீதிமன்றம் தரைப்படைக்கே உரியது.

அரசியலமைப்பு அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் 33 ஆம் உறுப்பு, ஆயுதப் படையினர் தம் கடமைகளைச் சரிவரச் செய்வதற்கும் அவர்களிடையே ஒழுங்கைக் காப்பதற்கும் தேவையான அளவுக்கு அவர்களுடைய அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தவோ நீக்கவோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. இதன்படி தரைப்படைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, தொழிற்சங்கத்தில் சேர்தல், அரசியல் கூட்டங்களில் கலந்துகொள்ளுதல், செய்தி இதழ்களுடன் தொடர்புகொள்ளுதல் முதலியவற்றைக் கட்டுப்படுத்த வழிசெய்கிறது.

136 (2) ஆம் உறுப்பின்படி படைத்துறை நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மேல்முறையீடு செய்ய இயலாது. 227 (4) ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றங்களுக்கு இவற்றின்மேல் கண்காணிப்பு அதிகாரம் இல்லை. எனினும் 32, 226 ஆகிய உறுப்புகளின் கீழ் நீதிப்பேராணை கோரும் வழி அடைக்கப்படவில்லை. 72 ஆம் உறுப்பின்படி படைத்துறை நீதிமன்றம் விதித்த தண்டனையைக் குடியரசுத் தலைவர் மன்னிக்கலாம்.

ராம் சரூப் எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில் (1963), தரைப்படைச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் 33 ஆம் உறுப்பு தந்த அதிகாரத்தின்படியே இயற்றப்பட்டதாகக் கொள்ளப்படும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இச்சட்டத்தின் ஒரு பிரிவு அடிப்படை உரிமையை மீறுகிறது என்று வாதிட்டு வெற்றி பெறுவது அரிது. படைவீரர்கள் வெற்றி பெற்ற வழக்குகள் பலவும் சட்டத்தின் நடைமுறை பின்பற்றப்படவில்லை என்ற அடிப்படையில் அமைந்தவை.

வரலாறு

கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் 1806 இல் புதிய தலைப்பாகை, தாடி, சமயக் குறிகள் பற்றிய ஆணைகளை எதிர்த்த சிப்பாய்கள் படைத்துறை நீதிமன்றத்தால் கசையடி பெற்றனர். அவ்வாண்டு சூலை 10 ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் வெடித்த கிளர்ச்சிக்கு இது ஒரு காரணமாகும். குறையைச் சொல்வதே கீழ்ப்படியாமையாகக் கருதப்பட்ட காலம் அது.

1911 ஆம் ஆண்டின் இந்தியத் தரைப்படைச் சட்டம் விடுதலைக்குப் பின்னரும் 1950 வரை நடைமுறையில் இருந்தது. அச்சட்டத்தின் கீழ் நடந்தவற்றுள் பெரிதும் அறியப்பட்டது, இந்திய தேசிய இராணுவத்தின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் மீது 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் தொடங்கிய விசாரணையாகும். அவர்களுக்காகப் புலாபாய் தேசாய் வாதாடினார். நீதிமன்றம் அவர்களுக்கு ஆயுள் நாடுகடத்தல் தண்டனை விதித்தது. ஆனால் தீர்ப்பை உறுதிப்படுத்த வேண்டியவரான தலைமைத் தளபதி ஆக்கின்லெக் 1946 சனவரியில் அத்தண்டனையைத் தள்ளுபடி செய்தார். உறுதிப்படுத்தும் அதிகாரியின் கையில் எத்தகைய அதிகாரம் உள்ளது என்பதற்கு இது சான்றாகும்.

குற்றங்கள்

தரைப்படைச் சட்டத்தின் 34 முதல் 70 வரையிலான பிரிவுகள் குற்றங்களைக் கூறுகின்றன. எதிரி தொடர்பான குற்றங்கள் (34), கலகம் (37), படையை விட்டு ஓடுதல் (38), விடுப்பின்றி வராதிருத்தல் (39), மேலதிகாரியைத் தாக்குதல் அல்லது அச்சுறுத்தல் (40), கீழ்ப்படியாமை (41), குடிபோதை (48) ஆகியன அவற்றுட் சில. வேறெந்தப் பிரிவிலும் அடங்காத ஒழுங்கு மீறல்களை 63 ஆம் பிரிவு உள்ளடக்குகிறது. நாட்டின் பொதுக் குற்றவியல் சட்டத்தின்படியான குற்றங்களும் 69 ஆம் பிரிவின் வழியாகப் படைத்துறை நீதிமன்ற விசாரணைக்கு உட்படும்.

திருமணத்துக்குப் புறம்பான பாலுறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. எனினும் அத்தீர்ப்பு ஆயுதப் படைகளின் ஒழுங்கு நடவடிக்கைகளைப் பாதிக்காது என அதே நீதிமன்றம் 2023 சனவரி 31 அன்று தெளிவுபடுத்தியது.

கட்டளை அதிகாரியின் சுருக்கமுறை அதிகாரம்

சிறு குற்றங்கள் பெரும்பாலும் நீதிமன்றம் கூட்டாமலே முடிக்கப்படுகின்றன. 80 ஆம் பிரிவின் கீழ், கட்டளை அதிகாரி படைவீரர் ஒருவருக்கு 28 நாட்கள் வரை படைச் சிறைக்காவல், 28 நாட்கள் வரை முகாமை விட்டு வெளியேறத் தடை, கூடுதல் காவற்பணி, சம்பளத்தில் அபராதம் முதலிய தண்டனைகளை வழங்கலாம். இங்கு வழக்கறிஞருக்கு இடமில்லை. எனினும் 1954 ஆம் ஆண்டின் தரைப்படை விதிகளுள் 22 ஆம் விதிப்படி குற்றச்சாட்டு அவர் முன்னிலையிலேயே கேட்கப்பட வேண்டும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் தம் சாட்சிகளை அழைக்கவும் அவருக்கு முழு உரிமை உண்டு.

நீதிமன்ற வகைகள்

தரைப்படைச் சட்டம் நான்கு வகைகளைக் குறிப்பிடுகிறது.

1. பொதுப் படைத்துறை நீதிமன்றம்: குறைந்தது ஐந்து அதிகாரிகள் கொண்டது. ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று ஆண்டுகள் அதிகாரியாக இருந்திருக்க வேண்டும். எவரையும் விசாரித்து, மரண தண்டனை உட்பட எத்தண்டனையையும் வழங்கலாம். சட்டம் அறிந்த ஆலோசகர் ஒருவர் (ஜட்ஜ் அட்வகேட்) கட்டாயமாக உடனிருக்க வேண்டும்.

2. மாவட்டப் படைத்துறை நீதிமன்றம்: குறைந்தது மூன்று அதிகாரிகள் கொண்டது. அதிகாரிகளையும் இளநிலை ஆணைபெற்ற அதிகாரிகளையும் விசாரிக்க இயலாது. இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பெயரில் மாவட்டம் என்றிருப்பினும் குடியியல் மாவட்ட நீதிமன்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

3. சுருக்கமுறைப் பொதுப் படைத்துறை நீதிமன்றம்: பெரும்பாலும் போர்க்களச் சூழலுக்கு உரியது. குறைந்தது மூன்று அதிகாரிகள் கொண்டது.

4. சுருக்கமுறைப் படைத்துறை நீதிமன்றம்: கட்டளை அதிகாரி ஒருவரே நீதிமன்றம் ஆவார். வேறு இருவர் உடனிருப்பர். ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேற்பட்ட தரத்தினரோ நடத்தினால் ஓராண்டு வரையும், அதற்குக் கீழானவர் நடத்தினால் மூன்று மாதங்கள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். பணிநீக்கமும் செய்யலாம்.

சாதாரண சிப்பாயைப் பெரிதும் பாதிப்பது நான்காம் வகையே எனலாம். இதன் தீர்ப்புக்குப் பொதுவாக உறுதிப்படுத்தல் தேவையில்லை, உடனே நிறைவேற்றப்படும். இது விதிவிலக்கான ஏற்பாடு, உடனடி நடவடிக்கைக்கான தேவை காரணங்களுடன் பதிவாகவோ ஆவணங்களிலிருந்து விளங்கவோ வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2016 இல் வலியுறுத்தியது.

பணிநீக்கத்தின் விளைவு சிறையை விடக் கடுமையானது. படைவீரர் ஒருவர் ஓய்வூதியம் பெறுவதற்கு 15 ஆண்டுப் பணி தேவை. தரைப்படைச் சட்டத்தின் கீழ்ப் பணிநீக்கம் செய்யப்பட்டவர் அதற்கு முந்தைய பணிக்காலம் முழுவதற்குமான ஓய்வூதியத் தகுதியைப் பொதுவாக இழக்கிறார். சிறப்பு நேர்வுகளில் மட்டுமே அது மீள வழங்கப்படலாம்.

விசாரணைக்கு முந்தைய உரிமைகள்

- காவலில் வைக்கப்பட்டவர் மீதான குற்றச்சாட்டை 48 மணி நேரத்துக்குள் கட்டளை அதிகாரி விசாரிக்க வேண்டும் (பிரிவு 102). இக்கணக்கில் ஞாயிறும் பொது விடுமுறையும் சேரா. தாமதமானால் காரணத்தை மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும்.
- நீதிமன்றம் கூட்டப்படாமல் எட்டு நாட்களுக்கு மேல் காவல் நீடித்தால், ஒவ்வொரு எட்டு நாட்களுக்கும் தாமதத்தின் காரணம் பற்றிய அறிக்கை அனுப்பப்பட வேண்டும் (பிரிவு 103). போர்ப்பணியில் இது பொருந்தாது.
- விசாரணை மன்றத்தில் ஒருவரது நற்பெயர் பாதிக்கப்படும் நிலை எழுந்தால், அவர் அங்கு உடனிருந்து குறுக்கு விசாரணை செய்ய முழு வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் (விதி 180).
- சாட்சியச் சுருக்கம் அவர் முன்னிலையில் பதியப்பட வேண்டும் (விதி 23). தாம் வாக்குமூலம் தரக் கட்டாயமில்லை என்பதும், தந்தால் அது சாட்சியமாகலாம் என்பதும் அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும்.
- விசாரணை பற்றிய அறிவிப்புக்கும் விசாரணைக்கும் இடையே குறைந்தது 96 மணி நேரமும், போர்ப்பணியில் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் (விதி 34).
- குற்றம் நிகழ்ந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் பொதுவாக விசாரணை தொடங்க இயலாது (பிரிவு 122). கலகம், படையை விட்டு ஓடுதல் முதலியன இதற்கு விலக்கு.

விசாரணையின்போது உள்ள உரிமைகள்

பொது, மாவட்டப் படைத்துறை நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞரையோ தற்காப்பு அதிகாரி ஒருவரையோ அமர்த்திக்கொள்ளலாம். தமக்கு உதவ ஒருவரை 'நண்பர்' என்ற முறையிலும் வைத்துக்கொள்ளலாம் (விதி 95). சுருக்கமுறைப் படைத்துறை நீதிமன்றத்தில் இவ்வுரிமை குறுகியது. 129 ஆம் விதிப்படி அங்கும் ஒருவர் உடனிருக்கலாம், அவர் வழக்கறிஞராகவும் இருக்கலாம். ஆயினும் அவர் ஆலோசனை மட்டுமே கூறலாம். சாட்சிகளை விசாரிக்கவோ நீதிமன்றத்தில் பேசவோ இயலாது.

130 ஆம் பிரிவின்படி, தம்மை விசாரிக்க அமர்ந்துள்ள அதிகாரிகளின் பெயர்கள் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாசித்துக் காட்டப்பட்டு, எவர் மீதேனும் ஆட்சேபம் உண்டா எனக் கேட்கப்பட வேண்டும். தீர்ப்பு பெரும்பான்மை வாக்கால் முடிவாகும். வாக்குகள் சமமானால் முடிவு குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சார்பாகவே அமையும். பொதுப் படைத்துறை நீதிமன்றத்தில் மரண தண்டனைக்கு மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதல் வேண்டும். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது (பிரிவு 121).

குற்றத்தை ஒப்புக்கொள்வது இங்குத் தனிக் கவனத்துக்குரியது. அதைப் பதியுமுன், குற்றச்சாட்டின் தன்மையையும் ஒப்புதலின் விளைவையும் அவர் அறிந்துள்ளாரா என நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். சாட்சியச் சுருக்கம் அவ்வொப்புதலுக்கு முரணாக இருப்பின், அதை விலக்கிக்கொள்ள அறிவுறுத்த வேண்டும் (விதி 115). மேலதிகாரி முன் நிற்கும் இளம் வீரர் 'ஒப்புக்கொண்டால் விரைவில் முடிந்துவிடும்' என எண்ணி ஒப்புக்கொண்டால், பின்னர் சாட்சியத்தை மறுத்து வாதிடும் வாய்ப்பு மிகக் குறைந்துவிடும்.

ரஞ்சித் தாக்கூர் வழக்கு

மேற்கூறிய உரிமைகளின் பயனை விளக்க அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ரஞ்சித் தாக்கூர் எதிர் இந்திய ஒன்றியம் (1987) என்னும் வழக்காகும். சிக்னல் வீரரான தாக்கூர், தம் அதிகாரிக்கு எதிரான முறையீட்டை உரிய வழியில் அன்றி நேரடியாக மேலிடத்துக்கு அனுப்பியதற்காக 28 நாட்கள் சிறைத்தண்டனை பெற்றார். அத்தண்டனைக் காலத்தில், 1985 மே மாதத்தில், உணவு உண்ணுமாறு இடப்பட்ட கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என அவர் மீது மீண்டும் குற்றம் சாட்டப்பட்டது. சுருக்கமுறைப் படைத்துறை நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுக் கடுங்காவலும் பணிநீக்கமும் விதித்தது.

அவர் யார் மீது முறையிட்டிருந்தாரோ அவரே விசாரணையில் அமர்ந்திருந்தார். ஆட்சேபம் உண்டா என்ற 130 ஆம் பிரிவின் கேள்வியும் தாக்கூரிடம் கேட்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் இவ்விரு காரணங்களாலும், தண்டனை குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவு மிகையானது என்பதாலும் தீர்ப்பை நீக்கி, அவரை மீண்டும் பணியில் சேர்க்க ஆணையிட்டது.

முறையீடு செய்யும் உரிமை 26 ஆம் பிரிவில் (அதிகாரிகளுக்கு 27 இல்) தெளிவாக உள்ளது. ஆனால் அது படிப்படியான வழியைக் கொண்டது. தம் உடனடி அதிகாரி மீதே குறை இருப்பின் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் முறையிடலாம்.

உறுதிப்படுத்தலும் மேல்முறையீடும்

பொது, மாவட்டப் படைத்துறை நீதிமன்றத் தீர்ப்புகள் உறுதிப்படுத்தப்படும் வரை செல்லாதவை (பிரிவு 153). உறுதிப்படுத்தலுக்கு முன்னும் பின்னும் மனுச் செய்ய 164 ஆம் பிரிவு இடமளிக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான நடவடிக்கையை நடுவண் அரசோ தரைப்படைத் தலைமைத் தளபதியோ நீக்கலாம் (பிரிவு 165).

இவை யாவும் படைக்குள்ளேயும் அரசிடமும் அமைந்த தீர்வுகள். சாட்சியத்தை மறு ஆய்வு செய்யும் ஒரு மேல்முறையீடு கூட இல்லாதது பெருங்குறை என உச்ச நீதிமன்றம் 1982 இல் பிரிதி பால் சிங் பேடி வழக்கில் சுட்டிக்காட்டியது. சட்ட ஆணையம் தன் 169 ஆம் அறிக்கையில் (1999) தீர்ப்பாயம் ஒன்றைப் பரிந்துரைத்தது. அதன் பயனாக ஆயுதப் படைகள் தீர்ப்பாயச் சட்டம், 2007 இயற்றப்பட்டது. தீர்ப்பாயம் 2009 ஆகத்து 8 அன்று தொடங்கி வைக்கப்பட்டது.

தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரும் படைத்துறை அனுபவம் உடைய நிர்வாக உறுப்பினரும் அமர்வர். இது தண்டனையைக் குறைக்கலாம், தீர்ப்பை நீக்கலாம், பிணையும் வழங்கலாம். எனினும் சில விலக்குகள் உள்ளன. இடமாற்றமும் விடுப்பும் இதன் வரம்பில் இல்லை. சுருக்கமுறைப் படைத்துறை நீதிமன்றத் தண்டனை, பணிநீக்கமாகவோ மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட சிறையாகவோ இருந்தால் மட்டுமே இங்கு வரும். தீர்ப்பாய ஆணைகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை 226 ஆம் உறுப்பின் கீழ் அணுகலாம் என உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சு 21 அன்று உறுதிப்படுத்தியது.

எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய சேமக் காவல் படை முதலியவற்றின் வீரர்களுக்கு இத்தீர்ப்பாயம் பொருந்தாது. அவர்கள் தத்தம் படைகளுக்குரிய தனிச் சட்டங்களுக்கு உட்பட்டவர்கள். உயர் நீதிமன்றத்தையே நாட வேண்டும். அக்னிபத் திட்டத்தின் கீழ் 2022 முதல் சேர்க்கப்படும் அக்னிவீரர்கள் முப்படைச் சட்டங்களுக்கு முழுமையாக உட்பட்டவர்கள்.

குற்றவியல் நீதிமன்றங்களுடனான தொடர்பு

படைத்துறைச் சட்டத்துக்கு உட்படாத ஒருவருக்கு எதிரான கொலை, கொலையாகாத மரணம் விளைவித்தல், பாலியல் வல்லுறவு ஆகியவற்றைப் படைத்துறை நீதிமன்றம் பொதுவாக விசாரிக்க இயலாது (பிரிவு 70). போர்ப்பணியிலோ வெளிநாட்டிலோ குறிப்பிட்ட எல்லைக் காவல் நிலையிலோ இருப்பின் இது விலக்கு. இரு நீதிமன்றங்களுக்கும் அதிகாரம் உள்ள வழக்குகளில், எதில் விசாரிப்பது என முதலில் முடிவு செய்பவர் உரிய படை அதிகாரியே (பிரிவு 125). குற்றவியல் நீதிமன்றம் உடன்படாவிட்டால் நடுவண் அரசின் முடிவே இறுதியானது (பிரிவு 126).

இவ்விதி 2021 இல் கோயம்புத்தூரில் பொதுமக்கள் கவனத்துக்கு வந்தது. அந்நகரிலுள்ள வான்படை நிர்வாகக் கல்லூரியில் பயிற்சியில் இருந்த பெண் அதிகாரி ஒருவர், சக அதிகாரி மீது பாலியல் வல்லுறவுப் புகார் அளித்தார். கோவை மாநகரக் காவல்துறை செப்டம்பரில் அவரைக் கைது செய்தது. இருவரும் வான்படைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்பதால், அச்சட்டத்தின் 124 ஆம் பிரிவைச் சுட்டி வான்படை தன் அதிகார வரம்பைக் கோரியது. செப்டம்பர் 30 அன்று கோவை நீதிமன்றம் அவரை வான்படையிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைகளைப் போலவே, புகார் அளிக்கும் படையினரின் உரிமைகளும் இவ்வமைப்பின் நடுநிலையைச் சார்ந்துள்ளன என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

கொங்கு வட்டாரத்தில்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் சூலூர் வான்படைத் தளம், மேற்கூறிய வான்படை நிர்வாகக் கல்லூரி, கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரணி ஆகியன அமைந்துள்ளன. அண்டை நீலகிரி மாவட்டத்தில் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் உள்ளது. தமிழ்நாட்டு வழக்குகள் ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்கு உரியவை. கோவையிலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில் உள்ளது.

பொள்ளாச்சி, ஆனைமலை போன்ற ஊர்களிலிருந்து தொலைதூர எல்லைகளுக்குச் செல்லும் வீரர்களின் குடும்பத்தார் இச்சட்டத்தை நேரடியாக எதிர்கொள்ளும் சூழல், விடுப்பு முடிந்தும் பணிக்குத் திரும்பாத நிலையாகும். பெற்றோரின் நோய், பயிர் அறுவடை, நிலத் தகராறு எனக் காரணம் எதுவாயினும் சட்டம் இரண்டு குற்றங்களை வேறுபடுத்துகிறது. போதிய காரணமின்றி விடுப்பைக் கடந்து தங்குதல் 39 ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டுகள் வரை சிறைக்கு உரியது. திரும்பும் எண்ணமே இன்றி நீங்குதல் 38 ஆம் பிரிவின் கீழ் படையை விட்டு ஓடுதலாகும். இதற்கு ஏழு ஆண்டுகள் வரையும், போர்ப்பணியில் மரண தண்டனை வரையும் விதிக்கலாம். இரண்டையும் பிரிப்பது எண்ணமே ஆதலால், விடுப்பு நீட்டிப்புக் கோரிய கடிதம் அல்லது மின்னஞ்சல் படி, மருத்துவமனைச் சான்று, அஞ்சல் ஒப்புகை ஆகியன முதன்மையான சான்றுகளாகின்றன.

30 நாட்கள் கடந்தும் திரும்பாதவர் பற்றி விசாரணை மன்றம் கூடி அவர் வராமையைப் பதியும் (பிரிவு 106). அதன்பின் அவர் தாமாகச் சரணடையாமலும் பிடிபடாமலும் இருந்தால் படையை விட்டு ஓடியவராகக் கருதப்படுவார். எனினும் இப்பதிவு தண்டனைத் தீர்ப்பு அன்று. விசாரணையில் தம் காரணத்தை நிறுவ அவருக்கு உரிமை உண்டு. அவரது ஊர்க் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பப்படும். காவலர் பிடியாணையின்றிக் கைது செய்யலாம், ஆனால் அண்மையிலுள்ள நடுவர் முன் நிறுத்த வேண்டும் (பிரிவு 105). தாமாகத் திரும்பி வருதல், கைதாகி வருவதை விடத் தண்டனைக் குறைப்புக்கு உதவும்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் படைப்பிரிவுடன் கடிதத் தொடர்பு கொள்வதில் குடும்பத்தாருக்கு உதவுகின்றன. தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2025 சூலையில் படைவீரர் குடும்பங்களுக்கான சட்ட உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில், நீதிமன்றத்தைக் கூட்டும் அதிகாரியே வழக்கின் பல நிலைகளிலும் செல்வாக்குச் செலுத்துவது நடுநிலைக்கு ஒவ்வாது என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1997 இல் ஃபின்ட்லே வழக்கில் தீர்ப்பளித்தது. ஐக்கிய அமெரிக்காவில் படைத்துறை வழக்குகளுக்கெனக் குடியியல் நீதிபதிகள் கொண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் உள்ளது. இலங்கையில் முன்னாள் தரைப்படைத் தளபதி சரத் பொன்சேகா 2010 இல் இரு படைத்துறை நீதிமன்றங்களால் தண்டிக்கப்பட்டுப் பதவி நிலை, பதக்கங்கள் ஆகியவற்றை இழந்து சிறை சென்றார். 2012 இல் விடுதலையானார். 2015 இல் அவரது பதவி நிலை மீள வழங்கப்பட்டது.

திறனாய்வு

போர்க்களத்தில் கட்டளைக்குத் தயங்காமல் கீழ்ப்படியும் படைக்கு விரைவான, தனியான நீதிமுறை தேவை என்பது இவ்வமைப்புக்கு ஆதரவான கருத்தாகும். குற்றம் சுமத்துபவர், விசாரிப்பவர், உறுதிப்படுத்துபவர் ஆகிய மூவரும் ஒரே கட்டளைத் தொடரில் இருப்பது இதன் முதன்மைக் குறையாகச் சுட்டப்படுகிறது. தீர்ப்புக்குப் படைத்துறை நீதிமன்றம் காரணங்களை எழுத வேண்டியதில்லை என உச்ச நீதிமன்றம் 1990 இல் எஸ். என். முகர்ஜி வழக்கில் கூறியதும் விவாதத்துக்கு உரியதாக உள்ளது. காரணம் எழுதப்படாத தீர்ப்பை மேல்முறையீட்டில் எதிர்கொள்பவருக்கு விசாரணைப் பதிவேடே துணை ஆகும். அதன் படியைக் கேட்டுப் பெறும் உரிமையை 147 ஆம் விதி வழங்குகிறது.